கிண்டியா, வண்டலூரா? மான் கொம்பும் இணைசேரும் பருவமும் பார்க்கச் சென்னையில் எந்த இடம் தேறும்

முதலில் மதிப்பெண்களைச் சொல்லிவிடலாம். மான் கொம்பு முளைப்பது, தோல் உரிவது, உதிர்வது ஆகிய மூன்றையும் கிட்டத்தில் பார்க்க கிண்டி சிறுவர் பூங்காவுக்கு 5-க்கு 4. ஆண் மான்கள் மோதிக்கொள்வதையும் பெண்ணைத் தொடர்வதையும் பார்க்க அதே பூங்காவுக்கு 2 தரலாம், அதற்கு மேல் இல்லை. கடமானின் கனத்த கொம்புக்கு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 4. புள்ளிமானின் இணைசேரும் பருவத்தை அதன் இயல்பிலேயே காட்டும் இடம் ஐஐடி வளாகம். அது பார்வையாளர் தலம் அல்ல என்பதால் அதற்கு மதிப்பெண் போடவில்லை. உள்ளே வேலையோ படிப்போ இருப்பவர்களுக்கு மட்டும் சில குறிப்புகள் கீழே உண்டு.

பலரும் யூடியூபில் லண்டன் ரிச்மண்ட் பூங்காவின் செம்மான்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறார்கள். அங்கே செப்டம்பர், அக்டோபர் வந்தால் எல்லா ஆண்களும் ஒன்றாகக் கர்ஜிக்கும். ஒவ்வொன்றும் ஒரு பெண் கூட்டத்தை வளைத்துக் காக்கும். வசந்தம் வந்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கொம்பை உதிர்க்கும். அதற்குக் காரணம் பகல் நீளம். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அந்த மாற்றத்தை மானின் உடல் நாட்காட்டியாகப் படிக்கிறது. சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் இங்கே புள்ளிமான் ஆண்கள் ஒவ்வொன்றும் தன் தன் கணக்கில் ஓடுகின்றன. ஒரே மந்தையில் ஒன்று முற்றிய கொம்போடு நிற்கும், பக்கத்தில் ஒன்று தோல் மூடிய பாதிக் கொம்போடு மேயும், மூன்றாவது கொம்பே இல்லாமல் பெண் மான் போலத் தெரியும். வெப்பமண்டல மானின் பெரிய சௌகரியம் இது. ஓராண்டுச் சுழற்சியை ஒரே காலையில் பார்த்துவிடலாம். கிண்டிக்குக் கிடைத்த 4 மதிப்பெண்ணில் பாதி இதற்காகத்தான்.

அதற்காக மாதமே பொருட்டல்ல என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்னிந்தியப் புள்ளிமான்களில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் உதிர்ப்பவை கூடுதல். ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தோல் மூடிய கொம்புகள் அதிகம் கண்ணில் படும். பங்குனி, சித்திரையில் முற்றிய கொம்பு அதிகம், இணைசேரும் நடவடிக்கையும் அப்போது ஏறும். கத்தரி வெயிலும் மான்களின் சண்டையும் ஒரே காலத்தில் வருவது பார்வையாளருக்குக் கொஞ்சம் கொடுமைதான். மே மாதம் போவதானால் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். பதினொரு மணிக்கு மேல் மான்கள் நிழலில் படுத்து அசைபோடும். அப்போது கொம்பைப் பார்க்கலாம், நடத்தையைப் பார்க்க முடியாது.

இனி கிண்டி. சர்தார் படேல் சாலையில், பாம்புப் பண்ணைக்குப் பக்கத்தில், சுமார் 22 ஏக்கர். இதையும் இதற்குப் பின்னால் இருக்கும் தேசியப் பூங்காவையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 2.7 சதுர கிலோமீட்டர் புதர்க்காடு பொதுமக்கள் உலாவும் இடம் அல்ல. சீட்டு வாங்கி நாம் நுழைவது சிறுவர் பூங்காவுக்குள். அது புதுப்பிக்கப்பட்டு 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, வண்டலூருக்கும் அதே நாள்தான். இதை மறந்து ஊரிலிருந்து வந்து கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் எப்போதும் உண்டு.

அடைப்புக்கு வெளியே நின்று முதலில் தேட வேண்டியது பெரிய கொம்பை அல்ல, கொம்பு இல்லாத ஆணை. கழுத்து தடித்து, உடம்பு பெருத்து, காதுகளுக்கு நடுவில் இரண்டு குட்டையான முளைகள் இருந்தால் அது உதிர்த்த ஆண். அந்த முளை நெற்றி எலும்பின் நீட்சி, நிரந்தரமானது. அதன் மேல் வளரும் கொம்புதான் ஆண்டுதோறும் போய் வருவது. புதிதாக உதிர்ந்திருந்தால் முளையின் உச்சி சிவந்து, ஓரிரு நாளில் பொருக்குத் தட்டியிருக்கும். இரண்டு கொம்பும் ஒரே நொடியில் விழ வேண்டும் என்பதில்லை. சில மணி நேரமோ சில நாளோ இடைவெளி இருக்கலாம். ஒற்றைக் கொம்போடு ஒரு மான் நின்றால் அது சண்டையில் உடைந்தது என்று முடிவுகட்ட வேண்டாம், முளையைப் பாருங்கள். உடைந்ததானால் தண்டின் ஒரு பகுதி மிச்சம் இருக்கும், முனை ஒழுங்கில்லாமல் இருக்கும். உதிர்ந்ததானால் முளை வரை சுத்தமாகப் போயிருக்கும்.

உதிர்வதற்குக் காரணம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்குவது. இறங்கியதும் முளைக்கும் கொம்புக்கும் நடுவில் உள்ள எலும்பை, எலும்பைக் கரைக்கும் செல்கள் அரிக்கத் தொடங்கும். அதுவரை இன்னொரு ஆணின் முழு எடையைத் தாங்கிய கொம்பு, அதன் பிறகு தலையை உதறினாலே கழன்றுவிடும். பொருக்குக்கு அடியிலிருந்து புதியது உடனே கிளம்பும். பாலூட்டிகளில் முழு உறுப்பொன்று விழுந்து மறுபடி முழுதாக வளர்வது இங்கே மட்டும்தான். அதனால்தான் எலும்பு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் மான் கொம்பை விடாமல் துரத்துகிறார்கள்.

வளரும் கொம்பைத் தோல் மூடியிருக்கும். குட்டையான, மென்மையான மயிர், அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள், நரம்புகள். முனைகள் மழுங்கி, உருண்டு இருந்தால் இன்னும் வளர்கிறது என்று பொருள். நுனி கூராகத் தொடங்கினால் வளர்ச்சி முடியப்போகிறது. இந்தக் கட்டத்தில் கொம்பு உயிருள்ள திசு, தொட்டால் சூடாக இருக்கும், அடிபட்டால் ரத்தம் வரும், வலிக்கும். அடைப்பில் இருக்கும் மான்களுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. யாராவது கத்தினாலோ கம்பியைத் தட்டினாலோ மிரண்டு ஓடும் மான் வேலியில் கொம்பை இடித்தால் கிளை அந்த இடத்திலிருந்து கோணலாக வளரும், அல்லது கூடுதலாக ஒரு மொட்டு விடும். அடிபட்டது தோல் மூடிய கொம்பு மட்டுமானால் அடுத்த ஆண்டு சரியாகிவிட வாய்ப்பு உண்டு. முளையே அடிபட்டிருந்தால் கோணல் ஆண்டுதோறும் திரும்பி வரும். அடைப்பில் கோணல் கொம்பு கண்டால் ‘சத்துக் குறைவு’ என்று உடனே தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கட்டும்.

அடுத்த கட்டம்தான் பார்வையாளர்களைப் பதற வைக்கும். டெஸ்டோஸ்டிரோன் மறுபடி ஏறும்போது கொம்பில் சுண்ணாம்புச் சத்து இறுகி, ரத்த ஓட்டம் நின்று, தோல் காய்ந்து உரியும். ரத்தம் தோய்ந்த நார் நாராகத் தோல் தொங்க, மான் புதரிலும் மரத்திலும் கம்பியிலும் கொம்பைத் தேய்க்கும். உரிந்த தோலைத் தானே தின்னவும் செய்யும். இது காயம் அல்ல. பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும் காட்சி, கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று நின்று பாருங்கள். ஊழியரைக் கூப்பிட வேண்டியது வேறு சமயங்களில்: கொம்பில் கயிறு, வலை, பிளாஸ்டிக் சுற்றியிருந்தால், கண்ணுக்கு மேல் ஏதாவது தொங்கினால், முளையில் ஈ மொய்த்துச் சீழ் வைத்திருந்தால்.

உரிந்த புதிதில் கொம்பு வெளிறி, சிவந்து இருக்கும். புதரில் தேய்க்கத் தேய்க்க மரப்பட்டைச் சாறும் காய்ந்த ரத்தமும் ஏறிப் பழுப்பாகும், நுனி மட்டும் தேய்ந்து வெளுக்கும். ஆகவே தேய்க்க உயிருள்ள புதர் இல்லாத அடைப்பில் உள்ள மானின் கொம்பு வெளிறியே நிற்பது நோய் அல்ல. நிறம் உள்ளிருந்து வருவதில்லை.

ஒரு தவறான கணக்கையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிளைக்கு ஒரு வயது என்று எண்ணிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். புள்ளிமானுக்கு முதலில் வருவது கிளையில்லாத ஊசிக் கொம்பு. வளர்ந்த ஆணுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று நுனி: நெற்றிக்கு மேலே முன்னோக்கிப் போகும் கிளை ஒன்று, தண்டின் உச்சி இரண்டாகப் பிரிவது இரண்டு. ஐந்து வயதானாலும் எட்டு வயதானாலும் அதே மூன்றுதான். வயது தெரிய வேண்டுமானால் தண்டின் நீளம், அடித் தடிமன், கழுத்தின் பருமன், மேல்தோலின் கருமை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ஆணின் கொம்பு முக்கால் மீட்டருக்கு மேல் போகும், ஒரு மீட்டரைத் தொடுபவையும் உண்டு. ரொம்பக் கிழடானால் கொம்பு மறுபடி சிறுத்துவிடும் என்பதால் இந்தக் கணக்கும் ஒரு அளவுக்குத்தான்.

கொம்புக்குக் கிண்டி நல்ல இடம், சரி. இணைசேரும் பருவத்துக்கு ஏன் 2 மட்டும்? இதற்குப் புள்ளிமானின் பழக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

புள்ளிமான் ஆண் செம்மானைப் போல மந்தையை வளைத்துக் காப்பதில்லை. பருவம் ஏறிய ஆண் மந்தை மந்தையாகச் சுற்றும். ஒவ்வொரு பெண்ணையும் நெருங்கி மோப்பம் பிடிக்கும், அது விட்ட சிறுநீரை நக்கி மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்கும். பல் தெரிய இளிப்பதுபோல இருப்பதால் பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மையில் அண்ணத்தில் உள்ள ஒரு நுகர் உறுப்புக்கு வாசனையை ஏற்றி, பெண் பருவத்துக்கு வந்துவிட்டதா என்று சோதிக்கிறது. இல்லை என்றால் அடுத்த பெண்ணிடம் போகும். ஆம் என்றால் அந்த ஒன்றை மட்டும் விடாமல் தொடரும், மற்ற ஆண்களை விரட்டும், மேய்ச்சலைக் கூட மறக்கும். பெண் மானுக்குச் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுழற்சி வரும், ஏற்றுக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. இணைசேர்வது சில நொடியில் முடிந்துவிடும். ஆகவே ‘மான் இணைசேர்வதைப் பார்க்கப் போகிறேன்’ என்று கிளம்பினால் ஏமாற்றம் நிச்சயம். பார்க்கத் தகுந்தது அதற்கு முந்தைய மணி நேரங்கள்: கழுத்தைத் தாழ்த்தி நீட்டி ஆண் பின்தொடர்வது, பெண் நாலடி விலகி நிற்பது, மறுபடி தொடர்வது.

இதெல்லாம் நடக்க இடமும் பல ஆண்களும் பல பெண்களும் வேண்டும். அடைப்பில் இடம் குறைவு, ஆண்களின் எண்ணிக்கையும் நிர்வாகத்தின் கையில். கட்டுமீறிப் பெருகாமல் இருக்க ஆண் பெண்ணைப் பிரித்து வைப்பது உயிரியல் பூங்காக்களில் வழக்கமான ஏற்பாடு. அது சரியான ஏற்பாடும்கூட, ஏனென்றால் புள்ளிமான் போட்டி போட்டுக்கொண்டு பெருகும். ஆனால் அப்படிப் பிரித்த அடைப்பில் நீங்கள் பார்ப்பது ஆண்களின் சில்லறைச் சண்டை மட்டுமாக இருக்கலாம். அதனால் உள்ளே போனதும் முதல் வேலையாக அடைப்பில் முற்றிய கொம்புள்ள ஆண்கள் எத்தனை, பெண்கள் கூட இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இரண்டு முற்றிய கொம்பும் நாலைந்து பெண்ணும் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். இல்லையென்றால் கொம்பைப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

சில்லறைச் சண்டைக்கும் நிஜச் சண்டைக்கும் வித்தியாசம் தெரிந்தால் பார்ப்பது இரட்டிப்பு ருசி. சில்லறைச் சண்டையில் அளவு பொருந்தாத ஜோடிகள்கூட இறங்கும். மெதுவாகக் கொம்பைக் கோத்து, தள்ளி, திருகி, நடுவில் நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பக்கத்தில் மேயப் போய்விடும். இளவட்டங்கள் தங்கள் கொம்பின் அளவைத் தெரிந்துகொள்வது இப்படித்தான். நிஜப் போட்டியில் பாதி விஷயம் மோதாமலே முடிந்துவிடும். இரண்டு ஆணும் மயிர் சிலிர்த்து, காதைப் பின்னுக்குத் தள்ளி, விறைத்த நடையில் ஒன்றுக்கொன்று பக்கவாட்டைக் காட்டி இணையாக நடக்கும். ஒன்று புதரைக் கொம்பால் அடிக்கும், தரையைப் பிறாண்டும். ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று தலைக்கு மேலுள்ள கிளையில் கொம்பையும் முகத்தையும் தேய்க்கும். கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பியின் வாசனையை அந்த உயரத்தில் விட்டுவைப்பதுதான் நோக்கம். இலை தின்ன எழுந்தது என்று தப்பாக எண்ண வேண்டாம்: தின்பதானால் வாய் அசையும், கொம்பு அசையாது. இவ்வளவுக்குப் பிறகும் இருவரும் ஒத்துப்போகாவிட்டால்தான் பாய்ந்து மோதும். அப்போது தொடக்கத்தில் மெதுவே கோர்ப்பது கிடையாது, தோற்றது திரும்பி ஓடும், வென்றது விரட்டும். அடைப்பில் ஓட இடமில்லாததுதான் ஆபத்து. திறந்த வெளியில் அரிதாக வரும் குத்துக்காயம் மூலையில் மாட்டிய மானுக்குச் சுலபமாக வரும்.

காதையும் தீட்டி வையுங்கள். பருவம் ஏறிய ஆணின் குரல் தொண்டையிலிருந்து வரும், கரகரப்பாக, இழுத்து, திரும்பத் திரும்ப. ஆபத்தைக் கண்டு கத்தும் குரல் குட்டையாக, உச்சத்தில், கீச்சென்று ஒலிக்கும், கூடவே முன்னங்காலைத் தரையில் தட்டும். முதல் குரல் கேட்டால் அந்தப் பக்கம் மெல்ல நடங்கள். இரண்டாவது கேட்டால் காரணம் பெரும்பாலும் நீங்களோ ஒரு நாயோதான்.

தோல் மூடிய கொம்புள்ள ஆண் இந்தப் போட்டியில் சேராது. முற்றிய கொம்போடு நிற்கும் சின்ன ஆணுக்குக்கூட அது வழிவிடும். சில மாதம் முன்பு அதே மான் மந்தைக்கே பெரிய ஆளாக இருந்திருக்கலாம். ஆண்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு மாதத்தில் உதிர்ப்பதால் சென்னை மந்தைகளில் இந்த ஏற்ற இறக்கம் ஓயாமல் நடக்கிறது. ஒரே மந்தையை இரண்டு மூன்று மாத இடைவெளியில் திரும்பப் பார்க்கிறவர்களுக்குக் கிடைக்கும் சுவாரசியம் இது, ஒருமுறை போய் வருபவர்களுக்குப் பிடிபடாது.

கிண்டி அடைப்புகளில் வெளிமானும் உண்டு. முறுக்கிய, வளையம் வளையமான கொம்புள்ள கறுத்த ஆண். இது மான் குடும்பமே அல்ல, ஆடு மாடுகளின் குடும்பம். கொம்பு உதிராது, கிளைக்காது, எலும்பு மையத்தின் மேல் நம் நகம் போன்ற பொருளால் ஆன உறை. ‘வெளிமானுக்கு எப்போது கொம்பு விழும்?’ என்று காத்திருக்க வேண்டாம். இதன் ஆண் நிலத்தைப் பிடித்து எல்லையில் புழுக்கைக் குவியல் போட்டு, தலையை அண்ணாந்து கொம்பை முதுகில் படுக்கவைத்து நடந்து பெண்ணைக் கவரும். அந்த நடையைச் சரியாகப் பார்க்கக் கோடிக்கரைக்குத்தான் போக வேண்டும், அது வேறு கட்டுரை.

வண்டலூருக்கு வருவோம். 1855-இல் நகரத்துக்குள் தொடங்கி, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்ட பூங்கா, 602 ஹெக்டேர். ரயிலில் வண்டலூர் நிலையத்தில் இறங்கலாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் பக்கம்தான். உள்ளே தூரம் அதிகம், மான்களுக்காகவே போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து மான் அடைப்புகளிலிருந்து தொடங்குங்கள். புலி, சிங்கத்தை முதலில் பார்த்துவிட்டுப் போனால் மான்களிடம் சேரும்போது உச்சி வெயில் ஆகிவிடும். இது சாதாரண எச்சரிக்கைதான், ஆனால் பெரும்பாலோர் சறுக்குவது இதில்தான்.

இங்கே பார்க்க வேண்டியது கடமான். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பின் அமைப்பு ஒன்றே, பக்கத்துக்கு மூன்று நுனி. ஆனால் கடமானின் தண்டு தடித்து, மேடு பள்ளமாக, சொரசொரவென்று இருக்கும், நெற்றிக் கிளை தண்டோடு குறுகிய கோணத்தில் சேரும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் புள்ளிமான் கொம்பு எவ்வளவு ஒல்லி என்று புரியும். கடமானின் இணைசேரும் பருவம் பொதுவாகக் குளிர்கால மாதங்களில், உதிர்ப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில். அதனால் கடமானுக்காகப் போகிறவர்களுக்குக் கார்த்திகை, மார்கழி நல்லது. மழை விட்ட மறுநாள் போனால் சேறு இருக்கும், பருவம் ஏறிய ஆண் அதில் புரண்டு கறுத்துப்போய் எழுந்து நிற்கும். சேற்றில் தன் சிறுநீரையும் சேர்த்துக்கொள்ளும். வாசனைதான் அதன் விளம்பரம். தொண்டைக்குக் கீழே மயிர் உதிர்ந்து, சிவந்து, ஈரமாக ஒரு வட்டம் தெரிந்தால் புண் என்று நினைக்க வேண்டாம். கடமானுக்கு இயல்பாக வருவது, பருவத்தில் கூடுதலாகத் தெரியும்.

கடமான் ஆண் தனிக்காட்டு ராஜா, புள்ளிமான் போலக் கூட்டமாகப் போட்டி போடாது. எனவே சண்டை எதிர்பார்த்துக் கடமான் அடைப்பின் முன் நிற்பது வீண். கொம்பைப் பாருங்கள், தொண்டையைப் பாருங்கள், நகருங்கள்.

கேளையாடு என்ற சிறிய மான் கண்ணில் பட்டால் மட்டும் ஐந்து நிமிடம் கூடக் கொடுங்கள். கொம்பு ஒரு சாண்கூட இருக்காது, அதைத் தாங்கும் முளைதான் நீளம், மயிர் மூடி முகத்தில் இரண்டு வரப்புகளாக இறங்கும். ஆணுக்கு மேல்தாடையில் கோரைப்பல் வெளியே நீட்டும். சண்டையில் கொம்பால் தள்ளி, பல்லால் கிழிக்கும். மான் இனத்தில் கொம்பு சிறுத்தால் பல் பெரிதாக இருக்கும் என்ற பொதுப் போக்குக்கு நேரடி உதாரணம் இது. சருகுமானுக்குக் கொம்பே கிடையாது, பல் மட்டும்தான், குடும்பமும் வேறு.

ஐஐடி வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கு: நிலம் 1958-இல் கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டது, எனவே மான்கள் பின்னர் வந்த விருந்தாளிகள் அல்ல. அடைப்பு இல்லை, ஆண் பெண் பிரிப்பு இல்லை, அதனால் மேலே சொன்ன நடத்தை எல்லாம் அங்கே கிடைக்கும். ஆலம்பழம் உதிரும் மரத்தடியிலும் திறந்த புல்வெளி ஓரத்திலும் காலை ஆறரைக்கு நிற்பது பலன் தரும். ஆனால் ஒழுங்கு முக்கியம். முற்றிய கொம்புள்ள ஆணிடமிருந்து குறைந்தது 30 மீட்டர், பெண்ணைத் தொடரும் ஆணுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒருபோதும் குறுக்கே போகாதீர்கள். மனிதரோடு பழகிய ஆண் காட்டு மானைவிட ஆபத்து, ஏனென்றால் பயந்து ஓட வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இருக்காது. தின்பண்டம் கொடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் உறையைக் கீழே போடக் கூடாது. விழுங்கிய பிளாஸ்டிக் முதல் இரைப்பையில் உருண்டு கட்டியாகி, வயிறு நிறைந்த உணர்வோடு பட்டினியில் மான் சாகும். நகரத்து மான்களின் பிரேதப் பரிசோதனைகளில் இது திரும்பத் திரும்ப வரும் செய்தி.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 தொலைநோக்கி ஒன்று போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும், அடைப்பின் தூரத்துக்கு அது தேவையும் இல்லை. கேமராவில் கம்பி வலை குறுக்கே விழுவதுதான் பெரிய தொல்லை: லென்ஸை வலைக்கு மிக அருகில் கொண்டுபோய், லென்ஸின் துளையை (அபர்ச்சர்) பெரிதாக்கி, நிழலில் இருக்கும் வலைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் வலை மறைந்துவிடும். வெயில் பட்ட வலை எந்த லென்ஸிலும் மறையாது. ஃபோனில் எடுப்பவர்கள் வலைக் கண்ணுக்குள் லென்ஸைப் பொருத்தினால் போதும், ஆனால் வேலிக்கு முன்னால் தடுப்புக் கம்பி இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். கொம்புக் காலத்து ஆண் வலைக்குள் விரலைப் பார்த்தாலும் குத்தும்.

உதிர்ந்த கொம்பு தரையில் கிடந்தால்? எடுக்கக் கூடாது. தானாக விழுந்தது, யாரும் கொல்லவில்லை என்ற வாதம் எடுபடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் உடைமை, வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். காட்டில் அது வீணாகப் போவதும் இல்லை. சுண்ணாம்பும் பாஸ்பரசும் குறைவான மண்ணில் மான்களே அதைக் கடித்துத் தின்னும், முள்ளம்பன்றி கொறிக்கும். புதுக் கொம்பு இறுகும் சமயத்தில் ஆண் மானின் விலா எலும்பிலிருந்து கூடச் சுண்ணாம்பு எடுக்கப்படுகிறது என்பதால் பழைய கொம்பு அதற்கு நல்ல தீனிதான்.

இதோடு ஒட்டி, ‘மான் கொம்பு வெல்வெட்’ என்று ஆன்லைனில் விற்கும் மாத்திரை, சொட்டு மருந்து பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலும் நியூசிலாந்துப் பண்ணைச் செம்மானின் தோல் மூடிய கொம்பை அறுத்துக் காயவைத்த தூள். தசை வளர்க்கும், ஆண்மை கூட்டும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. மதிப்பெண் 0. உள்ளூரில் யாராவது ‘நம்ம காட்டு மான் கொம்பு’ என்று பொடியோ துண்டோ நீட்டினால் வாங்குகிறவரும் வழக்கில் சேர்வார், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.